பழமரத்து இலை மஞ்சளாவது ஏன்?

(பூண்டுலோயாப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பரா முற்றத்தில், ஞாயிற்றுக்கிழமை நடந்த வீட்டுத்தோட்டக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சு)



லீவு நாள்லயும் விறகு, துணி துவைப்பு எல்லாத்தையும் ஒதுக்கி வைச்சிட்டு வந்திருக்கீங்க. அதனால சுருக்கமாகவே பேசுறோம். ஆனா விஷயம் சின்னது இல்லை.

போன மாதம் நாங்கள் மேல் லயத்துப் பக்கம் போனபோது பெரியம்மா ஒருத்தர் எங்களைக் கூப்பிட்டாங்க. "ஐயா, இந்த ஆனைக்கொய்யா மரத்தை வெட்டிப் போட்டுறலாம்னு இருக்கோம். விறகுக்காவது ஆகும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாங்க. பதினைந்து வருஷத்து மரம். அந்த மரத்துப் பழத்தை வித்துத்தான் மூத்த பிள்ளைக்கு கொப்பியும் சப்பாத்தும் வாங்கினதாக அவங்களே சொன்னாங்க. முன்னே கழுத்து நீண்டு, கை நிறையக் காய்த்த மரம். மூன்று வருஷமாக காய் சிறுத்து, எலுமிச்சை மாதிரி உருண்டையாகப் போச்சு. கொப்பு நுனியில் இலைகள் சின்னதாக, கொத்துக் கொத்தாக, மஞ்சள் பூத்து நிக்குது. கண்ணூறு என்று ஒருத்தர் சொன்னாராம். செய்வினை என்று இன்னொருத்தர். மரத்துக்கு வயசாச்சு என்று மூன்றாமவர்.

நாங்கள் அதைச் சுத்திப் பார்த்தோம். கண்ணூறும் இல்லை, செய்வினையும் இல்லை. பதினைந்து வருஷமாக அந்த மரத்துக்கிட்ட இருந்து எடுத்திருக்கோம். ஒரு கூடை எரு திருப்பிக் கொடுக்கவில்லை. பசி வந்த மரம் அது. அதிலும் முக்கியமாக ஒரு சத்து, நாகச் சத்து, அதற்குப் போதவில்லை. அந்த மரத்தை வைச்சுத்தான் இன்றைக்குப் பேசப் போறோம்.

நம்ம மண் எப்படிப்பட்டது?

நம்ம மலைநாட்டு மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும். மண்ணின் புளிப்பை அளக்கிற பி.எச். கணக்கில் 4.5 முதல் 5.5 வரை தேயிலைக்கு நல்லது. பழமரங்களில் பெரும்பாலானதுக்கு 5.5 முதல் 6.5 வரை வேணும். அதாவது தேயிலை சந்தோஷமாக இருக்கிற மண்ணில் தோடை மரம் கஷ்டப்படும். மண் ரொம்பப் புளித்துப் போனால், இருக்கிற பொஸ்பரசுச் சத்தை இரும்பும் அலுமினியமும் பிடிச்சு வைச்சுக்கும். மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. பெட்டகத்தில் அரிசி இருக்கு, சாவி இல்லை என்ற கதைதான்.

அடுத்தது மழை. மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பிறகு ஒக்டோபர், நவம்பரில் இடியோடு மழை. லயத்துப் பின்பக்கம் சரிவு நிலம். நைதரசன், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் தண்ணீரோடு கரைஞ்சு, கான் வழியாக இறங்கி, ஆத்தோடு போய் கொத்மலை நீர்த்தேக்கத்தில் சேருது.

கவ்வாத்து வெட்டுற மலைக்கு வெள்ளைத் தூள் போடுவதைப் பார்த்திருப்பீங்க. அது டொலமைட். புளிப்பைக் கொஞ்சம் குறைச்சு, சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கொடுப்பதற்காகப் போடுவது. தேயிலைச் செடிக்கே அது தேவைப்படுது. அப்போ லயத்துத் தோடை மரத்துக்குத் தேவையில்லையா?

உரம் இல்லாட்டி என்ன நடக்கும் என்பதை இந்த நாடே ஒருமுறை பார்த்தாச்சு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. அந்த வருஷம் நவம்பரில் தளர்த்தினாங்க. ஆனா அதற்குள்ள மலை வெளுத்துப் போச்சு. 2021ல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022ல் சுமார் 25 கோடி கிலோவாக இறங்கியது. நாள் முழுக்க நின்னும் கூடை நிறையாமல் நீங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அப்போ கொழுந்தில் பார்த்த அதே மஞ்சள்தான் இப்போ லயத்துப் பழமரத்தில் தெரியுது.

முதல் கேள்வி: பழைய இலையா, புது இலையா?

இலை மஞ்சளானால் உடனே யூரியாவைத் தேடி ஓடக்கூடாது. முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. மஞ்சள் எங்கே ஆரம்பிச்சது? கீழே, பழைய இலையிலா? மேலே, புதுத் துளிரிலா?

சில சத்துகளை மரம் தன் உடம்புக்குள்ளேயே இடம் மாத்தும். நைதரசன், பொஸ்பரசு, பொட்டாசியம், மக்னீசியம் இந்த ரகம். தட்டுப்பாடு வந்தால் பழைய இலையில் இருப்பதை உறிஞ்சி எடுத்து புதுத் துளிருக்குக் கொடுக்கும். தாய் தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு பட்டினி கிடப்பது போல. அதனால் இந்தச் சத்துகள் குறைஞ்சால் முதலில் வாடுவது பழைய இலை.

இரும்பு, நாகம், போரன், கல்சியம் இவை இன்னொரு ரகம். ஒருமுறை இலையில் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து லேசில் நகராது. அதனால் இவை குறைஞ்சால் முதலில் கெடுவது புது இலை, துளிர், பிஞ்சு. இந்த ஒரு வித்தியாசத்தை மனசில் வைச்சால் பாதி வைத்தியம் முடிஞ்சது.

பழைய இலையில் தெரியும் குறைகள்

நைதரசன்: பழைய இலை நரம்பு உட்பட முழுசாக வெளிறி மஞ்சளாகும். கொப்பு நீளாது. இலை சின்னது. பூ குறையும். மரம் முழுக்கச் சோர்ந்த தோற்றம்.

பொஸ்பரசு: மஞ்சளாகாமல், ஒளியில்லாத கரும்பச்சையாக, சில நேரம் வெண்கலம் அல்லது ஊதா கலந்த நிறமாக பழைய இலை மாறும். வேர் பிடிக்காது. தோடம்பழத்தில் தோல் தடிச்சு, சாறு குறைஞ்சு, நடுவில் வெற்றிடம் விழும்.

பொட்டாசியம்: பழைய இலையின் நுனியும் ஓரமும் நெருப்புப் பட்டது போல் காயும். காய் சிறுக்கும். இதற்கு நல்ல சாட்சி வாழை. வாழைக்குப் பொட்டாசியம் நிறைய வேணும். குறைஞ்சால் அடி இலை நுனியிலிருந்து செம்மஞ்சளாகி, சுருண்டு, நடு நரம்பில் முறிஞ்சு தொங்கும். குலையில் சீப்பு குறையும். அதைப் பார்த்துவிட்டு "காற்று முறிச்சிட்டுது" என்று சொல்லி விட்டுருவோம்.

மக்னீசியம்: தோடை, எலுமிச்சை, நாரத்தையில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பழைய இலையின் இரண்டு பக்கமும் மஞ்சளாகும். ஆனால் காம்புப் பக்கத்தில் மட்டும் பச்சை நிறம் முக்கோணமாக நிற்கும். அதன் கூர்முனை இலை நுனியைப் பார்த்திருக்கும். காய் நிறையப் பிடித்த கொப்பில் முதலில் வரும். பூண்டுலோயாப் பக்கம் நாங்கள் அதிகம் பார்ப்பது இந்தக் குறையைத்தான்.

புது இலையில் தெரியும் குறைகள்

இரும்பு: துளிர் வெளிறி, மஞ்சளும் வெள்ளையுமாகும். நரம்பு மட்டும் பச்சையாக வலை பின்னியது போல் தெரியும். நம்ம புளிப்பு மண்ணில் இது இயற்கையாக வருவது அபூர்வம். வீடு வெள்ளையடிச்ச மிச்சச் சுண்ணாம்பையோ சீமெந்துக் கழிவையோ மரத்தடியில் கொட்டியிருந்தால் வரும். அப்படிக் கண்டால் முதலில் அந்தக் குவியலை அள்ளுங்க.

நாகம்: இலை சிறுத்து, குறுகி, நுனியில் கொத்தாக நிற்கும். நரம்புகளுக்கு இடையில் மஞ்சள் திட்டு. ஆனைக்கொய்யாவில் காயும் சிறுத்து உருண்டையாகும். பெரியம்மா வீட்டு மரம் சொன்னது இதைத்தான். ஆனால் சில ஆனைக்கொய்யா இனம் பிறப்பிலேயே உருண்டைக் காய்தான் காய்க்கும். அதனால் காயை மட்டும் பார்க்காதீங்க. முன்பு நீளமாகக் காய்த்த மரம் இப்போ மாறியிருக்கா, இலையும் சிறுத்திருக்கா என்று சேர்த்துப் பாருங்க.

போரன்: துளிர் நுனி கருகும். காய் கோணலாகும். கொத்மலைப் பக்கம் கீழே பப்பாசி வைச்சிருக்கிறவங்க பார்த்திருப்பீங்க, பழம் முழுக்க மேடும் பள்ளமுமாக, பிஞ்சிலேயே பால் வடிஞ்சு நிற்கும். பலரும் பூச்சி என்று மருந்து அடிப்பாங்க. காசுதான் போகும்.

நாங்கள் செய்த பிழை

மற்றவங்க பிழையைச் சொல்லிட்டு எங்க பிழையை மறைக்கக்கூடாது. சில வருஷத்துக்கு முன்னே, நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு தோடை மரம் இருந்தது. பிள்ளைகளுக்குச் சாறு பிழிஞ்சு கொடுப்போம் என்ற எண்ணத்தில் வளர்த்த மரம். இலை மஞ்சளாச்சு. நாங்கள் யோசிக்காமல் யூரியா போட்டோம். இரண்டு மாதத்தில் மரம் பச்சைப் பசேல் என்று தழைச்சது. எல்லாரும் பாராட்டினாங்க. ஆனால் அந்த வருஷம் பூ குறைஞ்சது, பிடிச்ச காயும் கொட்டியது. பழைய இலையில் அந்தப் பச்சை முக்கோணம் அப்படியே இருந்தது.

பிறகுதான் ஒரு விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்து, "குறை மக்னீசியம். நீங்கள் கொடுத்தது நைதரசன். பசிச்ச பிள்ளைக்குச் சோறு கேட்டால் சீனி கொடுத்த மாதிரி" என்று சொன்னார். டொலமைட் போட்டோம், மக்கிய எரு போட்டோம். அடுத்த வருஷம் இலை தேறியது. அதற்கு அடுத்த வருஷம்தான் பிள்ளைகள் வாயில் சாறு போனது. எங்க அவசரத்தால் பிள்ளைகளுக்கு ஒரு வருஷத்துப் பழம் இல்லாமல் போச்சு.

இதில் ஒரு பாடம் இருக்கு. தேயிலை இலைக்காக வளர்க்கிற செடி. அதனால் அதன் உரத்தில் நைதரசன் தூக்கலாக இருக்கும். பழமரம் காய்க்காக வளர்க்கிறது. அதற்குப் பொட்டாசியமும் மக்னீசியமும் சிறு சத்துகளும் வேணும். தோட்டத்து உர மூடையிலிருந்து ஒரு கை அள்ளி வந்தால் மரத்துக்கும் சரிப்படாது, உங்க பேருக்கும் நல்லதில்லை.

வெளிநாட்டில் நடந்த கதை ஒன்று

படிச்சவங்களும் இப்படித் தடுமாறினாங்க. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் பீச் முதலிய பழமரங்களில் "சிற்றிலை" என்ற நோய் தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1930களின் தொடக்கத்தில் சாண்ட்லர், ஹோக்லண்ட், ஹிபார்ட் என்ற விஞ்ஞானிகள் அதை ஆராய்ஞ்சாங்க. இரும்புச் சல்பேற்றை நிறையப் போட்டபோது சில இடத்தில் மரம் தேறியது. சரி, இரும்புக் குறைதான் என்று நினைச்சாங்க. ஆனால் வேறு இடத்திலிருந்து வாங்கின சுத்தமான இரும்புச் சல்பேற்று வேலை செய்யவில்லை. அப்புறம்தான் தெரிஞ்சது, முதலில் போட்டதில் அழுக்காகக் கலந்திருந்த நாகம்தான் மரத்தைக் காப்பாத்தியது. எந்தக் கிருமியும் இல்லை, ஒரு சிட்டிகை நாகம் இல்லாத குறை. நம்ம தேயிலைக்கும் நாகச் சல்பேற்றுக் கரைசல் இலையில் தெளிக்கிறாங்க. மருந்து அடிக்கிற தம்பிமாருக்கு அது தெரியும்.

எல்லா மஞ்சளும் பசி இல்லை

இதையும் கவனமாகக் கேளுங்க. சில நேரம் சத்துக் குறை மாதிரியே தெரியும், ஆனால் காரணம் வேற.

ஆனைக்கொய்யா வேர் தண்ணீர் தேங்கினால் அழுகும். இலை வெளிறித் தொங்கும். பீலித் தண்ணீரோ குளிக்கிற தண்ணீரோ மரத்தடியில் நிக்குதா என்று பாருங்க. வேர் அழுகின மரத்துக்கு உரம் போட்டால் சாவு சீக்கிரம் வரும். கான் வெட்டித் தண்ணீரைத் திருப்புவதுதான் முதல் வைத்தியம்.

புல்லுக்கு அடிக்கிற மருந்து காற்றில் வந்து பட்டாலும் இலை சிறுத்து, குறுகி, மஞ்சளாகும். அச்சு அசல் நாகக் குறை மாதிரி இருக்கும். பக்கத்து மலையில் எப்போ மருந்து அடிச்சாங்க என்று கேளுங்க.

எலுமிச்சை இனத்தில் கிரீனிங் என்ற நோய் இருக்கு. பூச்சி பரப்புவது. சத்துக் குறையில் இலையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளாகும். கிரீனிங்கில் இரண்டு பக்கமும் ஒத்துப் போகாது, திட்டுத் திட்டாக இருக்கும், பழமும் ஒருபக்கம் கோணும். அப்படிச் சந்தேகம் வந்தால் அந்த மரத்திலிருந்து பதியமோ ஒட்டோ எடுக்காதீங்க.

கையில் இருப்பதை வைச்சு என்ன செய்யலாம்?

எல்லாத்துக்கும் காசு வேணும் என்றில்லை. லயத்தைச் சுத்தியே நிறைய இருக்கு.

ஒன்று, மக்கிய எரு. மாட்டுச் சாணி, ஆட்டுப் புழுக்கை, மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, உதிர்ந்த இலை எல்லாத்தையும் ஒரு குழியில் போட்டு மக்க வையுங்க. வளர்ந்த மரம் ஒன்றுக்கு வருஷத்தில் இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு கொழுந்துக் கூடை. பச்சைச் சாணியை அப்படியே போட வேணாம்.

இரண்டு, காட்டுச் சூரியகாந்தி. வீதியோரம் மஞ்சள் பூவாகப் பூத்து நிற்குதே, அதுதான். அதன் இலையும் இளம் தண்டும் சத்து நிறைஞ்ச பசளை. கிளிசிரிடியா இலையும் அப்படியே. வெட்டி மரத்தடியில் பரப்பினால் மண் கழுவிப் போவதும் குறையும்.

மூன்று, அடுப்புச் சாம்பல். விறகுச் சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் இருக்கு. சின்ன மரத்துக்கு அரைச் சிரட்டை, பெரிய மரத்துக்கு இரண்டு சிரட்டை, வருஷத்தில் இரண்டு தடவை போதும். பிளாஸ்டிக், ஷொப்பிங் பேக் எரிச்ச சாம்பல் ஆகாது. தேயிலைச் செடிக்கு அடியிலும் சாம்பலைக் கொட்டாதீங்க, அதற்குப் புளிப்பு மண்தான் வேணும்.

நான்கு, டொலமைட். கடையில் வாங்கலாம். நாலைந்து வீடு சேர்ந்து வாங்கினால் செலவு குறையும். சின்ன மரத்துக்கு வருஷத்துக்குக் கால் முதல் அரைக் கிலோ, பெரிய மரத்துக்கு ஒரு கிலோ அளவு. யூரியாவோடு சேர்த்துப் போடக்கூடாது, நைதரசன் ஆவியாகப் போயிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதமாவது இடைவெளி விடுங்க.

மக்னீசியம் அவசரமாக வேணுமானால் எப்சம் உப்பு 100 கிராமை 10 லீற்றர் தண்ணீரில் கரைச்சு இலையில் தெளிக்கலாம். நாகக் குறைக்கு நாகச் சல்பேற்று 50 கிராம், நீற்றின சுண்ணாம்பு 25 கிராம், 10 லீற்றர் தண்ணீர். வெயில் இல்லாத காலையில், புது இலை விரிஞ்சு வரும்போது தெளியுங்க. போரன் மட்டும் கேட்காமல் போடாதீங்க. கொஞ்சம் கூடினாலும் அதுவே மரத்தை எரிக்கும்.

எதைப் போட்டாலும் தண்டை ஒட்டிப் போட வேணாம். கிளை நுனி முடியும் இடத்துக்கு நேர் கீழே, வட்டமாகப் போட்டு மண்ணால் மூடுங்க. உறிஞ்சுகிற வேர் அங்கேதான் இருக்கு. அடைமழைக்கு முன் நாளும் போடாதீங்க, பணம் கானில் போகும். மருந்துப் பொருளைச் சோடாப் போத்தலில் ஊத்தி வைக்காதீங்க. கரைக்கிற வாளியைச் சமையலுக்கோ குளிக்கவோ எடுக்காதீங்க. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கு.

சந்தேகம் வந்தால் ஒரு பழைய இலை, ஒரு புது இலை, ஒரு காய் எடுத்துக்கிட்டு விவசாயப் போதனாசிரியரைப் போய்ப் பாருங்க. விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்குப் பேசியும் கேட்கலாம்.

மரத்தைப் பார்க்கிற கண்ணால் பிள்ளையையும் பாருங்க

கடைசியாக ஒன்று. 2016ல் எடுத்த நாடளாவிய சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவங்க நாடு முழுக்க 100க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் 100க்கு 32 பேர் அளவில். அந்தக் கணக்கில் நம்ம பிள்ளைகளும் இருக்காங்க.

மரத்துக்கு இரும்பு குறைஞ்சால் துளிர் வெளுக்கும். பிள்ளைக்கும் தாய்க்கும் இரும்பு குறைஞ்சால் கீழ்க் கண்ணிமையின் உட்பக்கமும் நாக்கும் வெளுக்கும், களைப்பு வரும், மூச்சு வாங்கும். மலை ஏறுவதால் வந்த களைப்பு என்று இருந்துராதீங்க, மிட்வைஃப் அம்மாவிடம் காட்டுங்க. சாப்பிட்ட கையோடு சாயத் தண்ணி குடிச்சால் சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் சேருவது குறையும். ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்க. அதற்குப் பதிலாகச் சாப்பாட்டோடு ஒரு கொய்யாப் பழமோ, கீரையில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் இரும்பு நல்லாச் சேரும். அந்தக் கொய்யாவும் எலுமிச்சையும் நம்ம லயத்துப் பின்னாலேயே காய்க்கணும் என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினோம். ஆனைக்கொய்யா முழுவதையும் வியாபாரிக்குக் கொடுத்திடாதீங்க. பத்துக் காய் வித்தால் இரண்டு காய் பிள்ளைக்கு வையுங்க.

"இந்த இடம் நமக்குச் சொந்தமா, மரம் வைச்சு என்னத்துக்கு?" என்று சில பேர் கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் சில பேருக்குக் கிடைச்சிருக்கு, நம்ம பக்கத்து டன்சினனிலும் 2018ல் இந்திய உதவி வீடுகள் கையளிச்சாங்க. இன்னும் லயத்தில் இருக்கிறவங்கதான் அதிகம். காணி உரிமை கேட்க வேண்டியதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும். ஆனா பிள்ளையின் வளர்ச்சி உறுதிப்பத்திரம் வரும் வரைக்கும் காத்திருக்காது. வாழை ஒன்றரை வருஷத்துக்குள்ள குலை தள்ளும், கொய்யாப் பதியம் இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும்.

பெரியம்மா வீட்டு மரத்துக்கு என்ன ஆச்சு என்று நீங்க கேட்பீங்க. வெட்டவில்லை. தண்ணீர் தேங்காமல் கான் வெட்டினோம், எருவும் டொலமைட்டும் போட்டோம், நாகக் கரைசல் தெளிச்சோம். இப்போ வந்திருக்கிற துளிர் முன்னதை விட அகலமாக இருக்கு. காய் எப்படி வரும் என்று அடுத்த பருவத்தில்தான் தெரியும். பெரியம்மா கத்தியை இஸ்தோப்பில் மாட்டி வைச்சிட்டு, "சரி ஐயா, ஒரு வருஷம் பார்ப்போம்" என்றாங்க. அந்த ஒரு வருஷத்தை உங்க வீட்டு மரத்துக்கும் கொடுங்க.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்க மரத்தில் ஒரு பழைய இலையும் ஒரு புது இலையும் பறிச்சு, பக்கத்தில் பக்கத்தில் வைச்சுப் பாருங்க. பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்க. அடுத்த கூட்டத்துக்கு அந்த இலைகளைக் கொண்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம்.